பழைய வீட்டு மெத்தையில் (மாடியில்) மரப்பலகைத் தளம்: 6 அடி மீன்தொட்டியைத் தாங்குமா?

வாலாஜா மீன்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். விவரம் சொல்லாமல் கேட்டால் 'தாங்கும்', 'தாங்காது' என்று ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். எனக்கு அது போதாது.

இதுவரை ராணிப்பேட்டையில் வாடகை வீடு, தரைத்தளம். அடுத்த மாதம் வாலாஜாப்பேட்டையில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டுக்கே குடி போகிறோம். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்க தோல் வாசனையும் மெஷின் சத்தமும்தான். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, விளக்கை அணைத்து, தொட்டி வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் எனக்கு அந்த நாள் முடியும்.

இப்போது இருப்பது 4 அடி தொட்டி. நீளம் 4, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. அதில் நான்கரை வருடமாக வளரும் ஒரு ஏஞ்சல் மீன் ஜோடி இருக்கிறது. அப்புறம் ஆஸ்கர் மீன் வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்காகக் கொளத்தூரில் 6 அடி தொட்டிக்குச் சொல்லி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். 6 x 2 x 2, கண்ணாடி 12 மில்லிமீட்டர்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நிலைவாசலுக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் 1938 என்று எழுதியிருக்கும். கீழே நடை, கூடம், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு. மேலே மெத்தையில் ஒரே ஒரு பெரிய அறை, அதுதான் எங்களுக்கு. அந்த அறையின் தரை சிமெண்ட் இல்லை, மரப்பலகை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும், அதன் மேல் பலகை அடித்திருக்கிறது. நடந்தால் ஒரு இடத்தில் மட்டும் 'கிறீச்' என்று சத்தம் வரும்.

6 அடி தொட்டியை வடக்குச் சுவர் ஓரமாகவும், 4 அடியை மேற்குச் சுவர் ஓரமாகவும் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மேற்கில்தான் பிளக் பாயிண்ட் இருக்கிறது.

சித்தப்பா தைரியம் சொல்கிறார். தாத்தா காலத்தில் அறுவடை முடிந்ததும் 20 மூட்டை நெல் அந்த அறையில்தான் அடுக்குவார்களாம். மூட்டைக்கு 75 கிலோ என்றால் 1500 கிலோ. "அதையே தாங்கின தளம், உன் மீன்தொட்டிக்கா உட்காரப் போகுது?" என்கிறார். தச்சர் வந்து பார்த்துவிட்டு, பர்மா தேக்கு, யானையே நிற்கலாம் என்றார்.

ஆனால் அந்த அறைக்கு நேர் கீழேதான் எங்கள் அத்தை படுக்கிறார். வயது 71. கால் வலியால் மாடி ஏறுவதில்லை. தொட்டி விஷயத்தைச் சொன்னதும், "இன்னா கண்ணு, என் தலைக்கு மேல ஏரிய கட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் தலைக்கு மேலே எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

கவலையே வேண்டாம் சகோ. எங்கள் வீட்டில் முதல் மாடியில் 4 அடி தொட்டி ஆறு வருடமாக இருக்கிறது. பக்கத்திலேயே மூன்றடி ஒன்று. ஒரு விரிசல் கூட கிடையாது. சுவர் ஓரமாக வையுங்கள், தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் போடுங்கள், அது போதும். வேலூர் வெயிலுக்கு மாடியில் தண்ணீர் சூடாகும், அதற்கு மட்டும் ஒரு ஃபேன் வைத்துவிடுங்கள்.


ஆற்காடு பழையவீடு எழுதியது:

சத்துவாச்சாரி தம்பி, உங்கள் வீடு கான்கிரீட் தளமாக இருக்கும். ஒரு இடத்தில் வைத்த பாரத்தை கான்கிரீட் ஸ்லாப் நாலு பக்கமும் பிரித்துக்கொள்ளும். மரக்கட்டைத் தளம் அப்படிச் செய்யாது. எந்தக் கட்டையின் மேல் வைக்கிறோமோ, ஏறக்குறைய அந்தக் கட்டைதான் சுமக்கும். பக்கத்துக் கட்டை சும்மா இருக்கும். அதனால் உங்கள் அனுபவம் இவருக்குப் பொருந்தாது. தெர்மோகோல் தொட்டியின் அடிக்கண்ணாடியைக் காப்பாற்றும், தளத்தின் மேல் வரும் எடையில் ஒரு கிராம் கூடக் குறைக்காது.

வாலாஜா தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக ஆற்காடு, வாலாஜா, ஆரணி பக்கம் பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். உங்களைப் போல் கேட்டுவிட்டு வைப்பவர்கள் குறைவு. வைத்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் எடை. ஒரு கன அடி தண்ணீர் 28.3 லிட்டர், அதாவது 28.3 கிலோ. உங்கள் 4 அடி தொட்டி 9 கன அடி. விளிம்பு வரை 255 லிட்டர், இரண்டு விரற்கடை குறைத்து ஊற்றினால் 235 என்று வையுங்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் 50 கிலோவுக்கு மேல். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 370 கிலோவுக்கு வரும். 6 அடி தொட்டி 24 கன அடி. தண்ணீர் 630 கிலோ, கண்ணாடி 120 கிலோ, மணல், கல், ஸ்டாண்டு சேர்ந்தால் 900 கிலோ. பழைய மாருதி 800 காரே சுமார் 650 கிலோதான். அதைவிடக் கனமான ஒன்றை 12 சதுர அடியில் நிறுத்துகிறீர்கள்.

வீட்டு அறைகளுக்கு நம் நாட்டுத் தர விதி, ஐ.எஸ். 875, சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. சதுர அடிக்கு 19 கிலோதான். உங்கள் 4 அடி தொட்டி சதுர அடிக்கு 62 கிலோ, 6 அடி தொட்டி 75 கிலோ. இதைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். 19 கிலோ என்பது அறை முழுக்கப் பரப்பி வைத்தால் வரும் கணக்கு. ஒரு மூலையில் கூடுதலாக இருந்து மற்ற இடம் காலியாக இருந்தால் தளம் சமாளிக்கலாம். சமாளிக்குமா என்பது கட்டையின் அளவையும், நீங்கள் எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

சித்தப்பா சொன்ன நெல் மூட்டைக் கணக்கைத் தள்ளிவிடவில்லை. நல்ல சாட்சிதான் அது. ஆனால் 20 மூட்டையை ஒரே இடத்தில் யாரும் குவிக்க மாட்டார்கள், சுவரைச் சுற்றிப் பரப்பி அடுக்குவார்கள். தை மாதம் ஏற்றினால் ஆடிக்குள் பாதி இறங்கிவிடும். கட்டைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். தொட்டி இரவும் பகலும், வருடக்கணக்கில் இறங்கவே இறங்காது. மரத்துக்கு ஒரு குணம் உண்டு. முதல் நாள் பாரம் ஏறியதும் கொஞ்சம் வளையும். அதே பாரம் அங்கேயே இருந்தால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். முதல் நாள் தொய்வு போல இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். இன்னொன்று, நெல் ஏற்றியபோது அந்தக் கட்டைக்கு இருந்த வயது வேறு, இன்றைக்கு இருக்கும் வயது வேறு.

இந்த விவரங்களை எடுத்து அனுப்புங்கள்: கட்டையின் அகலம், உயரம், ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்த கட்டையின் நடு வரை உள்ள தூரம், சுவருக்குச் சுவர் நீளம், கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன. மேலே நின்றும் தெரிந்துகொள்ளலாம், பலகையில் ஆணிகள் வரிசையாக எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் கட்டை ஓடும் திசை. உயரத்தைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். கட்டையின் உயரம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. அரை அங்குலம் தப்பாகச் சொன்னாலும் கணக்கு மாறிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு என்றால் நுனி வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே இறங்கினால் எனக்கு உடனே சொல்லுங்கள்.


வாலாஜா மீன்பிரியன் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியம் வரை அளந்தேன். அத்தை கட்டிலை நகர்த்திவிட்டு, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டை அகலம் 4 அங்குலம், உயரம் 6 அங்குலம். நடுவிலிருந்து நடு 2 அடி. கட்டைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன, சுவருக்குச் சுவர் 11 அடி. அறையின் நீளம் வடக்கு தெற்காக 17 அடி, மொத்தம் எட்டுக் கட்டைகள். பலகை ஒன்றேகால் அங்குலம்.

கிழக்குச் சுவர் பக்கம் எட்டுக் கட்டையையும் குத்தினேன். உளியால் கருங்கல்லைக் குத்தின மாதிரிதான், லேசாகக் கீறல் மட்டும் விழுந்தது. மனசுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஏணியை மேற்குப் பக்கம் மாற்றினேன். வடக்கிலிருந்து முதல் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவது கட்டை மேலே பார்ப்பதற்கு மற்ற கட்டைகள் மாதிரியே இருந்தது, அதே பழைய வார்னிஷ், அதே கறுப்பு. குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் ஓர் அங்குலம் உள்ளே போய்விட்டது. டீயில் நனைத்த பன்னில் விரல் வைத்த மாதிரி இருந்தது. வெளியே எடுத்தபோது நுனியில் காப்பிப்பொடி நிறத்தில் ஈரமான தூள் ஒட்டியிருந்தது. புகையிலை ஊறிய மாதிரி ஒரு வாசனை. வெளியே போய்ப் பார்த்தால், அந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் மாடி மழைத்தண்ணீர் குழாய் சுவரை ஒட்டி இறங்குகிறது. இணைப்பில் ஒழுகி ஒழுகி சுவரில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. எத்தனை மழைக்காலம் அப்படியே போனதோ தெரியவில்லை.

நான் 4 அடி தொட்டியை வைக்க நினைத்திருந்தது அந்தக் கட்டையின் முனைக்கு மேலேதான். அந்த 'கிறீச்' சத்தம் வருவதும் அங்கேதான்.

ஏணியை விட்டு இறங்கியதும் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒளித்து வைக்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். அறையின் நடுவில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, இரண்டு தப்படி தள்ளி என் பெண்ணை ஒரு தடவை குதிக்கச் சொன்னேன். எட்டு வயது, 24 கிலோ. தண்ணீர் தளும்பி வெளியே சிந்தியது, பீரோ கைப்பிடி கடகடவென்று ஆடியது. இது எல்லா மரத்தளத்துக்கும் இருப்பதுதானா?

6 அடி தொட்டியை நான் வடக்குச் சுவர் ஓரமாகத்தானே வைக்கிறேன், நடு அறையில் இல்லையே. அதுவாவது சரியாக வருமா?


ஆற்காடு பழையவீடு எழுதியது:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். குத்திப் பார்த்ததற்கு அதைவிட நன்றி. பழைய வீட்டில் கட்டையின் நடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், காற்று படுகிறது, காய்ந்துகொண்டே இருக்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைக்குக் காற்று கிடையாது. சுவர் ஈரத்தைக் குடித்தால் முனையும் குடிக்கும். அங்கேதான் கரையானும் உளுப்பும் ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

முதலில் வடக்குச் சுவர் கேள்வி. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். 'சுவர் ஓரமாக வை' என்று சொல்வது சரியான பேச்சு, ஆனால் எந்தச் சுவர்? கட்டையின் முனை உட்கார்ந்திருக்கும் சுவரோரம் வைத்தால்தான் பாரம் நேராகச் சுவருக்குள் இறங்கும். உங்கள் வீட்டில் அது கிழக்கும் மேற்கும்தான். வடக்குச் சுவர் கட்டைக்கு இணையாகப் போகிறது, எந்தக் கட்டையையும் அது தாங்கவில்லை. அங்கே 6 அடி தொட்டியை வைத்தால் முதல் கட்டையும் இரண்டாவது கட்டையும்தான் முழு 900 கிலோவையும் சுமக்கும், அதுவும் நடுவயிற்றில்.

கணக்குப் போட்டேன். பழைய மரம் என்பதால் தேக்கின் பலத்தைக் குறைத்துத்தான் எடுத்தேன். ஒரு கட்டை பயமில்லாமல் தாங்கக்கூடியதை 100 என்று வையுங்கள். வடக்குச் சுவரோரம் 6 அடி தொட்டி மட்டுமே 87-ஐ எடுத்துக்கொள்கிறது. கட்டை, பலகை இவற்றின் சொந்த எடை 10. மிச்சம் 3. அதில்தான் நீங்கள், உங்கள் மனைவி, குழந்தை, பீரோ, பண்டிகைக்கு வந்து உட்காரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வர வேண்டும். முடியாது. தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே நடுவில் ஒரு சென்டிமீட்டர் தொய்யும், வருடம் போகப் போக இரண்டு.

இரண்டு சென்டிமீட்டர் தொய்ந்தால் கட்டை ஒடிந்துவிடாது. ஆனால் சுவரை ஒட்டிய கட்டைக்கும் அடுத்ததற்கும் தொய்வு ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கூட, ஒன்று குறைய. ஸ்டாண்ட் முறுக்கிக்கொள்ளும், அதோடு தொட்டியும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. தளம் போவதற்கு ரொம்ப நாளுக்கு முன்பே சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும், இல்லை அடிக்கண்ணாடி விரியும்.

இப்போது 4 அடி தொட்டி. மேற்கை மறந்துவிடுங்கள். கிழக்குச் சுவரோரம், சுவருக்கு இணையாக, கட்டைகளுக்குக் குறுக்காக வையுங்கள். இரண்டு கட்டையாவது பிரித்துக்கொள்ளும். சுவரிலிருந்து ஓர் அடிக்குள் பாரத்தின் நடு வந்துவிடும். அதே பாரத்தை அறை நடுவில் வைத்தால் கட்டைக்கு எவ்வளவு வேதனையோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே. 100-க்கு 16. நடுவில் தொய்வு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். வைக்கலாம், என் மனசாட்சிக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியென்றால் 6 அடியையும் கிழக்கிலேயே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று கட்டைகளுக்குக் குறுக்காக வரும்படி வைத்தால், வளைவுக் கணக்கில் 100-க்கு 32-தான். காகிதம் அனுமதிக்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன். நடுவில் பாரம் கூடினால் கட்டை தொய்யும், சத்தம் போடும், உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். முனைக்கு அருகில் பாரம் கூடினால், சுவருக்குள் நாம் பார்க்க முடியாத அந்த ஒரு சாண் மரம்தான் அத்தனையையும் தாங்க வேண்டும். அது கெட்டிருந்தால் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காது. நீங்கள் குத்திப் பார்த்தது சுவர் முகத்தில், உள்ளே எப்படி இருக்கிறதோ, இருவரும் பார்க்கவில்லை. 370 கிலோவுக்கு நான் அந்தத் துணிச்சலை எடுப்பேன், 900-க்கு எடுக்க மாட்டேன். கீழே ஒருவர் படுத்திருக்கும்போது கண்டிப்பாக மாட்டேன்.

தொட்டி வைக்கிறீர்களோ இல்லையோ, மூன்றாவது கட்டையை உடனே பாருங்கள். முதல் வேலை கட்டையில் இல்லை, மழைத்தண்ணீர் குழாயில். ஒழுகலை நிறுத்தாமல் எதைச் செய்தாலும் வீண். அப்புறம் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, உளுத்த முனையை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, கட்டையின் இரண்டு பக்கமும் 5 அங்குல இரும்பு சேனல் வைத்து, நல்ல மரத்தில் மூன்றடி நீளத்துக்கு ஏற்றிப் போல்ட் போட வேண்டும். சேனலின் முனை சுவருக்குள் ஒரு கருங்கல் துண்டின் மேல் உட்கார வேண்டும், செங்கல்லில் நேராக இல்லை. சேனல் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் இரண்டு கோட். மற்ற முனைகளையும் கட்டடப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டிவிடுங்கள். நான் எழுத்தை வைத்துச் சொல்கிறேன், அவர் கையால் தொட்டுச் சொல்வார்.

டம்ளர் ஆடியது எல்லா மரத்தளத்துக்கும் உள்ளதுதான். ஆனால் அறை நடுவில் குழந்தை குதித்தால் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான் அலையும். சுவரோரம் அந்த ஆட்டம் குறைவு. ஸ்டாண்டுக்கு நாலு கால் மட்டும் தரையில் படும்படி இருந்தால் வேண்டாம், ஒவ்வொரு காலும் 90 கிலோவுக்கு மேல் ஒரு சின்ன இடத்தில் அழுத்தும், கட்டைக்கு நடுவில் விழுந்தால் பலகையையே பிளக்கும். ஸ்டாண்டின் அடியில் சுற்றிலும் சட்டம் வரும்படி வெல்டிங் செய்து, அதற்குக் கீழே முக்கால் அங்குல ப்ளைவுட் முழுத் துண்டாகப் போடுங்கள்.


குடியாத்தம் கப்பி எழுதியது:

ஆற்காடு சார் சொன்னதற்கு மேல் தளத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முதல் மாடியில் மூன்றடி தொட்டி இருந்தது, 120 லிட்டர்தான். தரை ஒரு பக்கம் லேசாகச் சரிவு, கண்ணுக்கே தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் வைத்துவிட்டேன். எட்டாவது மாதம், ராத்திரி இரண்டு மணிக்கு, மூலை ஒட்டு விட்டுவிட்டது. சத்தம்கூட வரவில்லை. கால் நனைந்துதான் எழுந்தேன். படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே தம்பி மனைவியின் தையல் மெஷின் வரை போய்விட்டது. கப்பி மீன்களைக் கையால் பொறுக்கி வாளியில் போட்டேன். பதினொன்றை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. அது கான்கிரீட் தளம். உங்களுடையது பலகை. இடுக்கு வழியாக ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நேராக அத்தை கட்டிலில்தான் இறங்கும். 4 அடி தொட்டி வைத்தாலும் கட்டிலை அதற்கு நேர் கீழே போடாதீர்கள்.

தொட்டி உடைவது எப்போதோ ஒரு நாள். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது வாராவாரம். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரம் தங்கினால் இன்னொரு மூன்றாவது கட்டையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு மடித்த தகரத் தட்டு ஒன்று செய்து வையுங்கள், ஏதாவது ஒரு பட்டறையில் கேட்டால் மடித்துத் தருவார்கள். வாளி தூக்காமல் குழாய் போட்டே எடுங்கள், ஊற்றுங்கள்.

வெயிலையும் யோசியுங்கள். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரிக்கு மேல் போகிறது. மெத்தை அறையில் அந்த அனல் ராத்திரியிலும் இறங்காது. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், ஆஸ்கர் மாதிரிப் பெரிய மீன்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறக்கும். கரண்ட் போனால் இன்னும் கஷ்டம். ஆஸ்கர் தொட்டியைக் கீழே கூடத்தில் வைக்க முடிந்தால் மீனுக்கும் அதுதான் நல்லது.

ஒரு சின்ன யோசனை, தொட்டி விஷயத்துக்கு வெளியே. உங்கள் பக்கம் போர் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். ஏஞ்சல் பழகிக்கொள்ளும், மென்மையான நீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கடின நீரையே விரும்பும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வகைகள் நம் தண்ணீரில் தானாகவே நன்றாக வரும்.


வாலாஜா மீன்பிரியன் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போனவனாக இருக்க விருப்பமில்லை.

மழைக்குழாயை மாற்றியாயிற்று. பொறியாளர் ஒருவர் வந்து எல்லா முனைகளையும் பார்த்தார். ஆறாவது கட்டையின் மேற்கு முனையிலும் கொஞ்சம் ஈரம் இருந்தது, ஆனால் மரம் கெட்டியாக இருக்கிறது, காய்ந்தால் போதும் என்றார். மூன்றாவதை ஆற்காடு சார் சொன்னபடியே செய்தோம். வெட்டியெடுத்த துண்டு ஒரு முழம் இருக்கும். கையில் எடுத்து அழுத்தினேன், உதிர்ந்தது. நடுவில் மட்டும் விரல் கனத்துக்கு வைரம் மிச்சமிருந்தது. இத்தனை வருடம் அந்த ஒரு விரல்தான் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல் மூட்டைப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

6 அடி தொட்டி கீழே கூடத்தில், கடப்பா கல் பதித்த தரையில், மண்ணுக்கு மேலே நேராக உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்கர் நாலு, இப்போது விரல் நீளம்தான். மெத்தைக்குக் கொண்டுபோகவில்லையே என்று முதலில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது. ஆனால் மாடி ஏறாத அத்தைக்கு இப்போது நாள் முழுக்க அவைதான் துணை. அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம் என்னைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரிகிறது.

4 அடி தொட்டி மேலே, கிழக்குச் சுவரோரம், தகரத் தட்டின் மேல். கட்டில் அதற்கு நேர் கீழே இல்லை, கூடத்துக்கு நகர்த்திவிட்டோம். பிளக் பாயிண்டைக் கிழக்குப் பக்கம் இழுக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. தண்ணீரை ஒரே நாளில் நிரப்பவில்லை. முதல் நாள் கால் பங்கு, மறுநாள் பாதி, அப்படி நாலு நாள். ஒவ்வொரு நாளும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், தண்ணீரின் விளிம்பு நாலு மூலையிலும் கண்ணாடியில் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேலால் அளந்தேன்.

கீழே அந்த இரண்டு கட்டைகளின் அடியில் முனைக்கு முனை ஆணி அடித்து நைலான் நூல் இழுத்துக் கட்டியிருக்கிறேன். தொட்டி நிரப்புவதற்கு முன் நூலுக்கும் கட்டைக்கும் இருந்த இடைவெளியைப் பென்சிலால் கட்டையிலேயே எழுதி வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏணி போட்டு அளக்கிறேன், அத்தை ஏணியின் காலைப் பிடித்துக்கொள்கிறார். நேற்று அளந்தபோது தொய்வு ஒரு கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர், இன்னொன்றில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. போன வாரமும் அதே அளவுதான்.